பல வாளிகளுள் ஒரு வாளி

எங்கள் இல்லத்தில் செம்புத் தேக்சா ஒன்று இருந்தது. பன்னிரண்டு படி அரிசி வேகும். என் பாட்டனார் அதனை எவ்வூரிலிருந்து கொண்டு வந்தார்கள் என்பது பற்றி வீட்டில் இரண்டு கதைகள் வழங்கின. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. அதன் விளிம்பில் அவர்களுடைய பெயரின் முதலெழுத்துகள் உளியால் வெட்டப்பட்டிருந்தன என்பது மட்டும் நான் கண்ணாரக் கண்டது. அந்தத் தேக்சா எங்கள் வீட்டில் உறங்கிய இரவுகளைவிட வெளியில் உறங்கிய இரவுகளே மிகுதி எனலாம். நிக்காஹ் என்றாலும், வலீமா என்றாலும், மவ்லிது ஓதிச் சோறு ஆக்கினாலும் தெருவிலுள்ளவர்கள் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். "தேக்சா இருக்கா லாத்தா?" என்று கேட்பார்கள். "இருந்தா எடுத்துட்டுப் போங்க" என்று உள்ளிருந்தே உம்மா சொல்வார்கள். பேச்சு அவ்வளவே. திரும்பி வருகையில் அது வெறும் பாத்திரமாக வருவதில்லை. உள்ளே ஒரு சட்டிச் சோறும் கறியும் இருக்கும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அடுத்த தெருவில் பாய் முடைந்து பிழைத்து வந்த கைம்பெண் ஒருவர், தம் மூத்த மகளின் நிக்காஹ் முடிந்து தேக்சாவைத் திருப்பிக் கொண்டு வந்தார். வாசலில் இறக்கி வைத்ததும் நான் அதனைச் சாய்த்துப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே கட்டை விரல் அமரும் அளவுக்கு ஒரு நசுங்கல். "இது முன்னே இல்லையே" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு சற்று நின்றார், பிறகு போய்விட்டார். உள்ளிருந்து வந்த உம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

இரண்டு ஆண்டுகள் கழிந்து அவருடைய இரண்டாவது மகளுக்கு நிக்காஹ் நடந்தது. தேக்சா கேட்டு யாரும் வரவில்லை. கடைத்தெருவில் வாடகைக்குப் பாத்திரம் விடுகிற கடையிலிருந்து வண்டியில் கொண்டு வந்தார்கள். அந்தக் காசு அக்குடும்பத்துக்குச் சிறிய காசன்று. உம்மா மனம் பொறாமல் நேரில் சென்று கேட்டபோது அவர் சொன்ன மறுமொழியை உம்மா பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வார்கள்: "கடைக்காரர் நசுங்கலைப் பார்ப்பார், அதுக்குக் காசு கேப்பார். முகத்தைப் பாக்க மாட்டார், லாத்தா."

உடைமையின் காலம் முடிந்தது, பகிர்வின் காலம் பிறந்தது என்று சென்ற கால் நூற்றாண்டாக அறிஞர் பலர் பறைசாற்றி வருவதைக் காணும்போதெல்லாம் அந்த அம்மையாரின் சொல்லே என் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜெரமி ரிஃப்கின் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், இனி மக்கள் பொருளை வாங்கிச் சேர்ப்பதைக் காட்டிலும் வேண்டும்போது பயன்படுத்தும் வாய்ப்பை வாங்குவதையே நாடுவர் என்று கணித்தார். அவர் கணிப்பு பொய்க்கவில்லை. சான்பிரான்சிஸ்கோ நகரில் வாடகை கொடுக்க இயலாமல் தவித்த இளைஞர்கள் 2007 இல் தம் வீட்டுக் கூடத்தில் காற்று மெத்தைகளை விரித்து, வெளியூரார்க்குப் பணத்துக்குத் தங்க இடம் தந்தனர். அதிலிருந்து 2008 இல் ஏர்பிஎன்பி என்னும் நிறுவனம் எழுந்தது. அதே நகரில் 2009 இல் தோன்றிய ஊபர் நிறுவனம், தான் ஒரு வண்டியும் வாங்காமல் பிறருடைய வண்டிகளை ஊருக்கெல்லாம் ஓட வைத்தது. இன்று சென்னையிலும் மதுரையிலும் கைபேசியைத் தொட்டால் வாசலில் வண்டி நிற்கிறது. பாட்டு, படம், புத்தகம் எதனையும் வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டியதில்லை. மாதச் சந்தா கட்டினால் போதும். இதற்கெல்லாம் இட்டிருக்கும் பெயர் பகிர்வுப் பொருளாதாரம்.

கேட்க எவ்வளவு இனிமையான பெயர்! பகிர்ந்து வாழ்க என்பதன்றோ நம் மார்க்கமும் நம் மொழியும் ஒருங்கே கற்பித்தது? சேர்த்துப் பூட்டி வைத்தவனை எந்த அறநூல் புகழ்ந்தது? ஆகவே இப்புதுமையை நாம் இரு கையேந்தி வரவேற்க வேண்டியவர்கள் அல்லவா என்று ஓர் இளைஞர் என்னிடம் வாதிட்டார். அவர் என் தம்பியின் மகன். பெங்களூரில் கணினித் துறையில் பணி. வீடு வாடகை, வண்டி வாடகை, அறைகலன்கள்கூட வாடகை. "எனக்குன்னு ஒண்ணுமே இல்லை பெரிய வாப்பா, எவ்வளவு நிம்மதி தெரியுமா?" என்றார். ஏறக்குறைய ஒரு சூஃபி பேசுவதைப்போல் இருந்தது. அவருக்கு நான் அன்று சொல்ல இயலாத மறுமொழியே இக்கட்டுரை.

முதலில் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்விடத்தில் வியக்கத்தக்க தெளிவுடையவை. விலை வாங்காமல் ஒரு பொருளின் பயனைப் பிறருக்குத் தந்து பொருளைத் திரும்பப் பெறுவது 'ஆரிய்யத்'. நம் வழக்கில் இரவல். விலை பேசிப் பயனைத் தருவது 'இஜாரா', அதாவது வாடகை. பொருளின் மீதுள்ள தன் உரிமையையே நிறுத்திவிட்டு, அதன் பயனை மக்களுக்கு ஆக்குவது வக்ஃபு. மூன்றும் ஆகுமானவை. மூன்றிலும் ஒரே பொருள் பல கைகளுக்குச் செல்கிறது. எட்ட நின்று பார்ப்பவனுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அவற்றுள் வாழும் மனிதர்கள் வேறு வேறானவர்கள்.

இரவல் கொடுப்பதை நம் மார்க்கம் சிறு பண்பாகக் கருதவில்லை. திருமறையின் 107 ஆவது அத்தியாயத்துக்கே 'மாஊன்' என்று பெயர். ஏழே சிறு வசனங்கள். அநாதையை விரட்டுபவனையும், தொழுகையில் பராமுகமாயிருந்து பிறர் காணத் தொழுபவனையும் கண்டித்துவரும் அவ்வத்தியாயம், மாஊனைத் தடுத்துக்கொள்பவர்களைச் சொல்லி முடிகிறது. மாஊன் என்பது ஜகாத்தைக் குறிக்கும் என்று ஹஜ்ரத் அலி (ரலி), இப்னு உமர் (ரலி) முதலியோர் கொண்டனர். இப்னு மஸ்ஊது (ரலி) அவர்களோ, மக்கள் தமக்குள் கொடுத்து வாங்கும் பானை, வாளி, கோடரி போன்றவை என்றே விளக்கினார்கள். ஒரு பானையை இல்லையென்று சொல்வதும் இறைவனிடத்தில் பேசப்படுகிற செய்தி என்று எண்ணும்போது உள்ளம் நடுங்குகிறது.

வெற்றி பெற்ற தலைவரும் இரவல் கேட்ட வரலாறு நம்மிடம் உண்டு. ஹிஜ்ரி 8 ஆம் ஆண்டில், மக்கா வெற்றிக்குப் பின், ஹுனைன் போருக்கு முன்பாக, அப்போது இஸ்லாத்தில் சேராதிருந்த ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கவசங்களைக் கேட்டார்கள். பறித்துக்கொள்கிறீர்களா என்ற பொருள்படக் கேட்ட அவருக்கு, இல்லை, பொறுப்பேற்றுப் பெறும் இரவல் என்று விடை கிடைத்தது. போர் முடிந்து சில கவசங்கள் காணாமற் போனபோது அவற்றுக்கு ஈடு தர நபிகளார் முன்வந்தார்கள். ஊரையே கையில் வைத்திருந்தவர்கள் பிறன் பொருளுக்கு முன் நின்ற நிலை அது.

கெட்டுப்போன இரவற் பொருளுக்கு ஈடு உண்டா என்பதில் இமாம்கள் வேறுபட்டனர். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபின்படி, அனுமதித்த பயன்பாட்டினாலேயே தேய்ந்தால் ஈடில்லை. வேறு வகையில் சேதமுற்றால் கவனக்குறைவு இல்லாவிடினும் இரவல் பெற்றவர் பொறுப்பு. உள்நாட்டு ஊர்களில் மிகுதியாகவுள்ள ஹனஃபீ மத்ஹபின்படி, இரவற் பொருள் அமானிதம். அத்துமீறலோ அசட்டையோ இன்றிக் கெட்டால் ஈடு இல்லை. இதனைக் கற்ற வயதில் எங்கள் தேக்சாவின் நசுங்கலை எந்த மத்ஹபில் சேர்ப்பது என்று எண்ணிப் பார்த்ததுண்டு. வண்டியிலிருந்து விழுந்ததா, அடுப்பில் வைக்கும்போது கல்லில் மோதியதா? யாரும் கேட்கவில்லை. சட்டத்தில் விடையுள்ள கேள்வியைக் கேட்காமல், சட்டத்தில் விடையே இல்லாத ஒன்றை நான் வாசலில் வைத்துச் செய்துவிட்டேன்.

ஆகவே இரவலின் புகழை மட்டும் பாடிவிட்டு வாடகையை இகழ்வது நேர்மையாகாது. பழைய தெருக்களைப் பற்றி எழுதுவோர் இவ்விடத்தில் கண்ணை மூடிக்கொள்வதைக் காண்கிறேன். கேட்டு வாங்க வேண்டியவர்கள் எப்போதும் அதே சிலர்; கொடுக்கிறவர்களும் அதே சிலர். கொடுத்தவர் வீட்டுச் சிறுவனுக்கும் சாய்த்துப் பார்க்கும் உரிமை வந்துவிடுகிறது. காசைக் கொடுத்தால் அந்தக் கடன் அன்றோடு தீர்ந்தது. ஊருக்குப் புதியவன், உறவில்லாதவன், வேற்று மதத்தான், தாழ்வாக நடத்தப்பட்டவன் ஆகியோருக்கெல்லாம் தெரிந்தவர் வாசலைவிடக் கடை வாசல் விசாலமானது. பாய் முடைந்த அந்த அம்மையார் கடையில் வாங்கியது பாத்திரத்தை மட்டுமன்று. தலை நிமிர்வையும் சேர்த்து வாங்கினார். இதனை என் தம்பி மகன் சொல்லியிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேன். அவர் சொல்லவில்லை.

ஆனால் வாடகைக்குப் பகிர்வென்று பெயரிடும்போது ஒரு கேள்வி மறைந்துபோகிறது. எனக்கென்று ஒன்றுமில்லை என்கிறாரே, அப்படியாயின் அவை யாருடையவை? உடைமை உலகைவிட்டுப் போய்விடவில்லை, இடம் பெயர்ந்திருக்கிறது. முன்பு நூறு வீடுகளில் நூறு சிறு உடைமைகளாகக் கிடந்தது இன்று ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. வாடகை வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுநருடையது, அதன் கடன் தவணை, பழுது, தேய்மானம் யாவும் அவருடையவை. எவ்வளவு கட்டணம், யாருக்கு எந்தப் பயணம், எவரை நீக்குவது என்பன நிறுவனத்தின் கையில். உடைமையின் சுமை ஒருவரிடம். அதன் அதிகாரம் வேறொருவரிடம். இலண்டன் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கு, அவர்கள் தம்மிச்சைத் தொழில் செய்வோர் அல்லர், உரிமைகளுக்குத் தகுதியுள்ள தொழிலாளரே என்று 2021 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை செல்ல வேண்டியிருந்தது.

புத்தகத்தின் செய்தி இன்னும் நுட்பமானது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமையில்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நாவல்களை வாங்கியிருந்தவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்கள் அறியாமலே அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னர் மன்னிப்பும் கோரப்பட்டது. ஆட்சியாளர் பழம் பதிவுகளை அழித்துத் திருத்தும் கதையைச் சொல்லும் நாவல் அவ்விரண்டனுள் ஒன்று என்பதைப் பலர் எடுத்துக்காட்டி நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் அரபுத் தமிழ்க் கிதாபுகள் சில உண்டு. அவற்றுள் பாதி எங்களுடையவை அல்ல, எங்களுடையவற்றுள் பாதி எங்கே என்று தெரியாது. நாகூர் இ. எம். ஹனிபா அவர்களின் ஒலிநாடா ஒரு வீட்டில் வாங்கப்பட்டால் தெரு முழுதும் சுற்றித் தேய்ந்துதான் திரும்பும். இன்று சந்தாவுக்குக் கேட்கும் பாட்டை அடுத்த வீட்டுக்கு எப்படி இரவல் கொடுப்பது? பெரும்பாலான மின்னூல்களில் நாம் பெறுவது படிக்கும் அனுமதி மட்டுமே. இரவல் தர உரிமையில்லை. மகனுக்கு விட்டுச் செல்லவும் வழியில்லை. வக்ஃபு செய்யவும் இயலாது. தன்னுடையது என்று ஒன்றுமில்லாதவன் பற்றற்றவன் ஆகிவிடுவதில்லை. கொடுக்க ஒன்றும் இல்லாதவனாகிறான். மாஊன் அத்தியாயம் எச்சரிப்பதெல்லாம் ஒரு பானையேனும் உள்ளவனைத்தான்.

அப்படியானால் பகிர்வு என்று எதனைச் சொல்வது? இரவலில் கொடுப்பவன் மேலே நிற்கிறான். வாடகையில் உடையவன் தொலைவில் நிற்கிறான். மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. அதற்கு நான் மதீனாவின் ரூமா கிணற்றைத்தான் சான்றாகக் காட்டுவேன்.

ஹிஜ்ரத் செய்து வந்தவர்களுக்கு மதீனாவில் நல்ல தண்ணீர் அரிதாக இருந்தது. ரூமா என்னும் கிணற்றின் நீர் இனியது. ஆனால் அது விலைக்கு விற்கப்பட்டு வந்தது. இக்கிணற்றை வாங்கி, ஏனைய முஸ்லிம்களின் வாளிகளோடு தம் வாளியையும் ஒன்றாக ஆக்கிக்கொள்பவர்க்குச் சுவனத்தில் இதனினும் சிறந்தது உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவிக்க, ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளால் அதனை வாங்கி அனைவருக்கும் ஆக்கினார்கள். இவ்வரலாறு நம் குழந்தைகளுக்கும் தெரியும். வள்ளன்மைக்குச் சான்றாகத்தான் சொல்லித் தருகிறோம். ஆனால் வாளியைப் பற்றிய அந்தச் சொல்லை யாரும் நின்று பார்ப்பதில்லை. கிணற்றை வாங்கி விடு, இலவசமாக நீர் கொடு என்பதோடு அது நிற்கவில்லை. உன் வாளி பல வாளிகளுள் ஒன்றாகட்டும் என்கிறது. முழுக் கிணற்றுக்கும் விலை கொடுத்தவர், மறுநாள் காலையில் ஒன்றும் கொடுக்காதவரின் பின்னே வாளியோடு நிற்க வேண்டும். கலீபாவான பின்பு, கலகக்காரர்கள் தம் வீட்டை முற்றுகையிட்டிருந்த நாள்களில், தாம் வாங்கி அளித்த அக்கிணற்றின் நீரே தமக்கு மறுக்கப்படுவதை உதுமான் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னதாகவும் ஹதீஸ்களில் வருகிறது. படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிற இடம் அது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் கிடைத்த நிலத்தின் வரலாறும் இவ்வகையே. தமக்குக் கிடைத்தவற்றுள் அதைவிட உயர்ந்தது இல்லை, என்ன செய்யட்டும் என்று அவர்கள் கேட்க, மூலத்தை நிறுத்தி வைத்து விளைவை அறமாக்கலாம் என்ற வழி காட்டப்பட்டது. விற்கவோ, அன்பளிக்கவோ, வாரிசுகள் பங்கிடவோ கூடாது. அதனைப் பார்த்துக்கொள்பவர் முறையாக உண்ணலாம், சேர்த்து வைக்கலாகாது.

எங்கள் உம்மாவுக்கு இவ்வளவும் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. ரூமா கிணறு தெரியும். அந்தக் கைம்பெண்ணின் மறுமொழியைக் கேட்டுவந்த சில மாதங்களில், வாப்பாவிடம் பேசி, தேக்சாவைப் பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்துவிட்டார்கள். "இனி யாரும் ஒரு வீட்டு வாசப்படியில நின்னு கேக்க வேணாம்" என்றார்கள். ஒரு பாத்திரத்தை வக்ஃபு செய்யலாமா என்று தெருவில் ஐயம் எழுந்தது. அசையும் பொருளாயினும் அழியாமல் நின்று பயன்தருமாயின் ஆகும் என்பது ஷாஃபியீ மத்ஹபு. ஹனஃபீ மத்ஹபிலோ இமாம் முஹம்மது அஷ்ஷைபானி அவர்கள், மக்கள் வழக்கத்தில் உள்ள அசையும் பொருள்களை அனுமதித்தார்கள். 'ஹிதாயா' நூல் அவற்றை எடுத்துரைக்கிறது: கோடரி, மண்வெட்டி, வாள்ரம்பம், ஜனாஸாவைச் சுமக்கும் கட்டில், அதன்மேல் போர்த்தும் துணி, சமையற் பானைகள், அண்டாக்கள், திருக்குர்ஆன் பிரதிகள். கோடரியையும் குர்ஆனையும் ஒரே வரிசையில் வைத்த அந்தப் பட்டியலைப் படித்தபோது எங்கள் பள்ளிவாசலின் பின்னறையையே யாரோ எட்டிப் பார்த்து எழுதியதுபோல் தோன்றிற்று. அங்கே சந்தூக்கின் அருகில்தான் எங்கள் தேக்சாவும் கவிழ்த்து வைக்கப்பட்டது. சந்தூக்கை யாரும் தனக்கென்று வாங்கி வைத்துக்கொள்வதில்லை என்பதும், அதனை இரவல் கேட்க யாரும் வெட்கப்படுவதில்லை என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தொடக்கத்தில் நன்றாக நடந்தது என்று சொல்ல இயலாது. தேக்சா யாருடையதும் இல்லை என்றானதும் யாரும் அதனைக் கவனிக்கவில்லை. அடிபிடித்த கரியோடு திரும்பி வந்தது. உள்ளே பூசிய ஈயம் தேய்ந்து செம்பு தெரிந்தது. அதில் புளிப்புச் சேர்த்துச் சமைத்தால் நஞ்சாகும் என்று அஞ்சி ஓராண்டு யாரும் தொடவில்லை. பொதுவில் கிடப்பது பாழாகும் என்னும் கருத்தை 1968 இல் காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு புகழ்பெற்ற கட்டுரையாகவே எழுதினார்: பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் மாட்டைக் கூட்டிக்கொண்டே போவான், முடிவில் நிலமே அழியும் என்று. பல காலம் இதுவே வேதவாக்காயிருந்தது. எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார், மெய்யாகவே மக்கள் என்ன செய்கிறார்கள் என்று ஊர் ஊராகப் பார்த்தார். 1990 இல் நூல் வெளியிட்டார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியானார். சுவிட்சர்லாந்தின் டோர்பல் என்னும் மலைச் சிற்றூரில், குளிர்காலம் முழுதும் எத்தனை மாடுகளுக்கு ஒருவன் தீனி போட இயலுமோ அத்தனையைத்தான் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்ற விதி 1517 முதல் இருந்து வந்ததை அவர் எடுத்துக்காட்டினார். ஆக, பொதுவாக இருப்பதால் அழிவதில்லை. முறை இல்லாததால் அழிகிறது.

அவர் ஆராய்ந்த மற்றோர் இடம் நமக்கு அயலானதன்று. ஸ்பெயினின் வாலன்சியா நகரில், வியாழக்கிழமைதோறும் நண்பகலில், பேராலயத்தின் வாயிலருகே உழவர்கள் கறுப்பு மேலாடை அணிந்து அமர்கிறார்கள். நகரைச் சூழ்ந்த வயல்களுக்கு நீர் தரும் கால்வாய்களின் பிரதிநிதிகள் அவர்கள். யார் முறை தவறி மடை திறந்தான், யார் நீரை வீணாக்கினான் என்ற வழக்குகளை அங்கேயே வாய்மொழியாகக் கேட்டுத் தீர்ப்பளிக்கிறார்கள். தீர்ப்பவர்களும் அதே நீரில் பயிர் செய்யும் உழவர்களே. அந்தக் கால்வாய்க்கு அவர்கள் வழங்கும் சொல் 'ஸாகியா' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. பேராலயம் எழுந்துள்ள இடம் பழைய பெரிய பள்ளிவாசல் இருந்த இடம். 1238 இல் நகரம் கிறித்தவ மன்னர் ஜைமேயின் கைக்கு மாறியபோதும், நீர்ப் பங்கீட்டு முறை முஸ்லிம்கள் காலத்தில் இருந்தவாறே தொடரட்டும் என்று விடப்பட்டது. 1609 இல் அம்மண்ணின் எஞ்சிய முஸ்லிம் வழித்தோன்றல்களும் வெளியேற்றப்பட்டனர். மக்கள் போய்விட்டனர், முறை மட்டும் நிற்கிறது. 2009 இல் யுனெஸ்கோ அதனை மனிதகுல மரபுச் செல்வமாக ஏற்றது.

எங்கள் ஜமாஅத்து வாலன்சியாவைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கப்பட்டது. முதலில் பெயர் எழுதியவர்க்கு முதலில் பாத்திரம். கொண்டு செல்லும்போதும் திருப்பும்போதும் முஅத்தின் சாகிபு பார்த்து எழுதுவார். ஒரு சிறு தொகை கட்ட வேண்டும்; இல்லாதவர் கட்ட வேண்டாம். அத்தொகைக்கு வாடகை என்று பெயரில்லை, ஈயக்காசு என்பார்கள். அது முழுதும் ஆண்டுக்கொருமுறை ஈயம் பூசுபவரின் கைக்கே போகும். வாடகைக் கடையின் நேர்மையும் இரவலின் எளிமையும் அதில் சேர்ந்திருந்தன என்பேன். மீதியாகும் காசு ஊரைவிட்டு வெளியே எவரிடமும் போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கைம்பெண்ணின் மூன்றாவது மகளின் நிக்காஹுக்கு அத்தேக்சா சென்றது என்று எழுத எனக்கு ஆசைதான். அதற்குள் அக்குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது.

என் தங்கையின் நிக்காஹ் குறித்தபோது வேறொன்று நடந்தது. வாப்பா பள்ளிவாசலுக்கு ஆளனுப்பினார்கள். அந்தத் தேதியில் கைவண்டி இழுக்கும் ஒருவர் தம் மகனின் வலீமாவுக்கு ஏற்கெனவே பெயர் எழுதிவிட்டார் என்று தகவல் வந்தது. என் பெரிய மாமா வெகுண்டெழுந்தார். "நம்ம பாட்டன் பேர் வெட்டின தேக்சா, நமக்கே இல்லையா? போய்ச் சொன்னா அவன் தர மாட்டானா?" என்றார். தந்திருப்பார், அதில் ஐயமில்லை. உம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "கேட்டா தருவார் காக்கா, அதனாலதான் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நாங்கள் கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்தோம். மாமா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

என் தம்பி மகன் கேட்பார்: இக்காலத்தில் இந்த ஏற்பாடெல்லாம் நடக்குமா? நடந்திருக்கிறது என்பதே என் மறுமொழி. 1948 இல் ஜூரிக் நகரில் தனித்தனியே கார் வாங்க இயலாதவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து கார் வாங்கி முறை வைத்து ஓட்டினார்கள். அமெரிக்காவின் பெர்க்கிலி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகத்தைப் போலவே சுத்தியலையும் ரம்பத்தையும் இரவல் தந்து வருகிறது. கைபேசிச் செயலியும் ஒரு நோட்டுப் புத்தகந்தான். அதனை யார் வைத்திருக்கிறார், ஈயக்காசு எங்கே போகிறது என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் உரிமையாளர் தம் வண்டிக்காக நம்மோடு மழையில் காத்து நிற்பதில்லை. அவருடைய வாளி நம் வாளிகளோடு கிணற்றடியில் இல்லை. அவர் தவறு செய்கிறார் என்று சொல்ல வரவில்லை. வாடகைக்கு விடுவது வாணிபம், வாணிபம் ஹலால். பகிர்வு என்ற பெயரை மட்டும் அவரிடமிருந்து திரும்பக் கேட்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகனின் வலீமா நடந்தது. இப்போது எல்லாரும் மண்டபத்துக்கே சொல்லிவிடுகிறார்கள். நான் பிடிவாதமாக நோட்டில் பெயர் எழுதி மூன்று வாரம் காத்திருந்தேன். பின்னறையில் அலுமினிய அண்டாக்கள் நிறைய வந்துவிட்டன. செம்புத் தேக்சாவைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. புதிய முஅத்தின் இளைஞர். என்னை அவருக்குத் தெரியாது. விளக்கைப் பிடித்துச் சுற்றிலும் பார்த்தார். "இங்க நசுங்கி இருக்கே, எழுதிடலாமா?" என்று கேட்டார். நோட்டில் 'குறை' என்று ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். பேனாவை வாங்கி, "விளிம்பின் கீழ் ஒரு நசுங்கல். பழையது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.